காதுக்கு 37, கண்ணுக்கு 63

நவம்பர் வந்தால் தமிழ்ச் செய்தித்தளங்கள்கூட தவறாமல் ஒருமுறை போட்டுவிடும் செய்தி இது: தென்கொரியாவில் மாணவர்கள் தேர்வெழுதுவதற்காக விமானங்களையே நிறுத்துகிறார்கள். உண்மைதான். சுனுங் என்று இங்கே சொல்லப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மூன்றாவது பாடவேளை ஆங்கிலம், மதியம் 1.10க்கு ஆரம்பம். அதற்கு ஐந்து நிமிடம் முன்னாலிருந்து 1.40 வரை, மொத்தம் 35 நிமிடம், அவசர விமானங்கள் தவிர எதுவும் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. ஏற்கெனவே மேலே இருப்பவை 3 கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே வராமல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். காலையில் பங்குச்சந்தை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும், பல அலுவலகங்களும் தாமதமாகத்தான் ஆரம்பிக்கும், நேரமாகிவிட்ட பிள்ளைகளைப் போலீஸ்காரர்கள் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்த 35 நிமிடத்தில் வகுப்பறை ஸ்பீக்கரில் என்னதான் ஓடுகிறது என்று எழுதியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தென்கொரியாவின் சுவோன் நகரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில், இந்தியர் என்றால் ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு என்று ஒரு நம்பிக்கை. ஊரில் பிளஸ் டூவுக்கு ஆங்கிலம் எடுத்தவள் நான் என்று வேறு தெரிந்துபோனதால், எதிர் வீட்டுப் பெண் "இமோ, இமோ" என்று (சித்தி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்) கேள்வித்தாளோடு வந்துவிடுவாள். அவளுக்கு இது மேல்நிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு, அதாவது வீட்டில் டிவி சத்தம்கூடக் குறைந்துவிடும் வருடம். பழைய கேள்வித்தாள்களும் லிஸனிங் ஒலிப்பதிவும் தேர்வு நடத்தும் நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அவள் வருவதற்கு முன்னால் நானும் இறக்கிக் கேட்டு வைத்துக்கொள்வேன். கேட்கக் கேட்க எனக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது.

கேள்வித்தாளின் அமைப்பு இதுதான். 70 நிமிடம், 45 கேள்வி, 100 மதிப்பெண். முதல் 17 கேள்வி காதுக்கு, அதற்கு 37 மதிப்பெண். மீதி 28 கேள்வி கண்ணுக்கு, 63 மதிப்பெண். எல்லாமே ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. பேச வேண்டாம், எழுத வேண்டாம்.

லிஸனிங் பகுதியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அமெரிக்க உச்சரிப்பில், பளிங்கு மாதிரி சுத்தமான குரலில் பேசுவார்கள். பின்னணியில் ஓர் இருமல் கிடையாது, ஒரு ஹாரன் கிடையாது, ஒருத்தர் பேச்சில் இன்னொருத்தர் குறுக்கே விழுவது கிடையாது. கொரிய ஆங்கில உலகம் தனி உலகம், அங்கே எல்லோரும் பள்ளி விழாவுக்கு ஏற்பாடு செய்துகொண்டோ அறிவியல் முகாமுக்குப் பெயர் கொடுத்துக்கொண்டோதான் இருப்பார்கள். நான்காவது கேள்வி படம் பார்த்து, அவர்கள் பேச்சோடு எது பொருந்தவில்லை என்று சொல்வது: வட்ட மேசை என்றார்கள், படத்தில் சதுரமாக இருக்கிறது. ஆறாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரியவர் டிக்கெட் இரண்டு, சிறியவர் டிக்கெட் மூன்று, கூப்பனுக்கு 10 சதவீதம் தள்ளுபடி, அந்தப் பெண் எவ்வளவு கொடுப்பாள்? ஆங்கிலத் தேர்வுக்குள் ஆறாம் வகுப்புக் கணக்கு. பத்தாவதில் ஓர் அட்டவணை கொடுத்து, விலை, அளவு, நிறம் என்று பேச்சைக் கேட்டுக்கேட்டு ஒவ்வொரு வரிசையாகக் கழிக்கச் சொல்வார்கள். கடைசி இரண்டு கேள்விக்கான நீண்ட பேச்சு மட்டும் இரண்டு முறை ஓடும், மற்றதெல்லாம் ஒரே தடவை.

ஒழுங்காகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது சுலபம். எவ்வளவு சுலபம் என்றால், லிஸனிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பக்கத்தைத் திருப்பி ரீடிங் கேள்விகளைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, எல்லோரும் அறிந்த உத்தி. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் 25 முதல் 28 வரை (வரைபடம், ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு, இரண்டு அறிவிப்புகள்), முடிந்தால் கடைசிக் கதையான 43 முதல் 45 வரை முடித்துவிட வேண்டும் என்று ஹாக்வோன்களில், அதாவது டியூஷன் சென்டர்களில், சொல்லிக்கொடுக்கிறார்கள். எதிர் வீட்டுப் பெண் பயிற்சிக்கு ஒலிப்பதிவை ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் ஓடவிடுகிறாள். சாதாரண வேகத்தில் கேட்டால் தூக்கம் வருகிறதாம்.

நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, வானத்தில் விமானம் வட்டமடிக்க, உள்ளே நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒரு காதை மட்டும் அதற்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை வேறு பக்கத்தில் வைத்திருக்கிறது. இந்தத் தேர்வின் மொத்தச் சிக்கலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதற்கு முன்னால் லிஸனிங்கைப் பற்றி நல்லதாகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுனுங் தொடங்கிய 1993லேயே காதால் கேட்டு விடையளிக்கும் கேள்விகள் 8 இருந்தன. பிறகு படிப்படியாக 17 ஆயின, 2013 நவம்பரில் மட்டும் 22 ஆக்கிப் பார்த்துவிட்டு அடுத்த வருடமே மறுபடி 17க்கு இறக்கிவிட்டார்கள். தேர்வில் இருக்கிறது என்பதனாலேயே ஏழாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் கேட்டுப் பழகுகிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை நாடு முழுக்கப் பள்ளிகளில் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாகும் லிஸனிங் தேர்வு ஒன்றும் தனியாக உண்டு. நம்மூர் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ ஆங்கிலத்துக்கு 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 10 அகமதிப்பீடு, அவ்வளவுதான். தேர்வுக் கூடத்தில் ஒலிப்பதிவு போட்டுக் கேள்வி கேட்பது என்ற பேச்சே கிடையாது. சிபிஎஸ்இ மட்டும் 2012-13 வாக்கில் பேசுவதையும் கேட்பதையும் மதிப்பிட ஆரம்பித்தது, அதுவும் பள்ளிக்குள்ளேயே நடக்கும் விஷயம். நான் பாடம் நடத்திய பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரையை அடி பிறழாமல் எழுதுவார்கள், கல்லூரியில் முதல் வகுப்பில் பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசினால் மிரண்டுபோவார்கள். கொரியப் பிள்ளைகள் அப்படி மிரளுவதில்லை. பதில் சொல்லத்தான் தயங்குவார்கள்.

எல்லோருக்கும் நியாயமாகத் தேர்வு நடக்க வேண்டும் என்பதற்கும் இவர்கள் ரொம்பவே மெனக்கெடுகிறார்கள். காது கேளாத மாணவர்களுக்கு ஒலிப்பதிவுக்குப் பதிலாக அச்சிட்ட தாள். பார்வைக் குறைபாடு கடுமையாக உள்ளவர்களுக்கு 1.7 மடங்கு நேரம், அதனால் அவர்களில் கடைசி ஆள் தேர்வு முடித்து வெளியே வரும்போது இரவு ஒன்பதரையைத் தாண்டிவிடும். அப்படியும் ஸ்பீக்கர் ஸ்பீக்கர்தான். ஒரு பள்ளியில் கரகரக்கும், இன்னொன்றில் கணீரென்று கேட்கும். ஜப்பான்காரர்கள் இதை வேறு விதமாகச் சமாளித்தார்கள். 2006 ஜனவரியில் அவர்களுடைய நுழைவுத் தேர்வில் லிஸனிங் வந்தபோது, ஸ்பீக்கரையே நம்பாமல், தேர்வெழுதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன ஒலிக்கருவியும் இயர்போனும் கையில் கொடுத்துவிட்டார்கள். லட்சக்கணக்கான கருவிகள்! கருவி மக்கர் செய்தால் கையைத் தூக்க வேண்டும், அன்றைக்கே விட்ட இடத்திலிருந்து தனியாக மறுபடி நடத்துவார்கள். 2021ல் தேர்வை மாற்றி அமைத்தபோது இன்னொரு காரியமும் செய்தார்கள். அதுவரை ரீடிங்குக்கு 200, லிஸனிங்குக்கு 50 என்றிருந்த மதிப்பெண்ணை இரண்டுக்கும் தலா 100 ஆக்கினார்கள். உச்சரிப்பு, இலக்கணம் என்று தனியாகக் கேட்ட கேள்விகளைத் தூக்கினார்கள். குரல்களிலும் அமெரிக்கர் மட்டும் என்ற கணக்கு போய், பிரிட்டிஷ் உச்சரிப்பும் ஜப்பானியர் பேசும் ஆங்கிலமும் நுழைந்தன. எனக்கு இது கொரியாவைவிட நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது. நாளைக்கு இந்தப் பிள்ளை வேலைக்குப் போனால் பேசப்போவது சென்னைக்காரரோடும் ஹனோய்க்காரரோடும்தானே, ஸ்டுடியோ குரலோடு இல்லையே.

சரி, கொரியாவின் ரீடிங்குக்கு வருவோம். லிஸனிங் ஓடி முடிய ஏறக்குறைய 25 நிமிடம் ஆகிவிடும், மீதி 45 நிமிடத்தில் 28 கேள்வி. கேள்விக்கு ஒன்றரை நிமிடம்தான். 30 வரைக்கும் பெரிய பிரச்சினை இல்லை. 31லிருந்து 39 வரை இருக்கும் ஒன்பது கேள்விகளில்தான் பிள்ளைகள் அழுகிறார்கள். முதல் நான்கும் கோடிட்ட இடம், அப்புறம் பொருந்தாத வாக்கியம், அப்புறம் பத்திகளை வரிசைப்படுத்துவது, கடைசியாக இந்த வாக்கியத்தை எங்கே சொருகுவது. எதுவும் இலக்கணக் கேள்வி இல்லை. ஏதாவது ஓர் ஆராய்ச்சி நூலின் நடுப்பக்கத்திலிருந்து ஒரு பத்தியை வெட்டி எடுத்து, முன்னும் பின்னும் இல்லாமல் கொடுத்து, அதிலும் முக்கியமான சொற்றொடரை மறைத்துவிட்டு, அங்கே என்ன வரும் என்று கேட்பார்கள். 2025 நவம்பரில் 34வது கேள்வி, சட்டத்தின் ஆட்சி பற்றி தத்துவவாதி காண்ட் என்ன நினைத்தார் என்ற பத்தி. பதினெட்டு வயது. ஒன்றரை நிமிடம். காண்ட்.

இங்கிலாந்து, அமெரிக்க ஆசிரியர்களை உட்காரவைத்து இந்தக் கேள்விகளைப் போடச் சொல்லும் காணொளிகள் யூடியூபில் நிறையக் கிடைக்கும். பலர் திணறுகிறார்கள், சிலர் சிரித்துவிட்டு இது ஆங்கிலமே இல்லை என்கிறார்கள். எதிர் வீட்டுப் பெண் ஒருநாள் இப்படி ஒரு பத்தியைக் கொண்டுவந்து, விடை மூன்று, ஏன் ஐந்து இல்லை என்று கேட்டாள். படித்தேன். வாக்கியம் ஒவ்வொன்றும் புரிந்தது, பத்தி என்ன சொல்ல வருகிறது என்று பிடிபட நேரமானது, காரணம் ஆங்கிலம் இல்லை, அந்தத் துறையில் எனக்கு அரிச்சுவடி தெரியாது. அவளோ பத்தி எதைப் பற்றியது என்றே கவலைப்படாமல், "ஹவெவர் வந்திருக்கிறது இமோ, அதற்குப் பின்னால் வருவதன் எதிர்ப்பதம்தான் முன்னால் இருக்கும்" என்று கழித்துக் கழித்து மூன்றுக்கு வந்து சேர்ந்திருந்தாள். விடை சரி. பத்தியில் இருந்த ஆளின் வாதம் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. வாசிப்புத் தேர்வில் வாசிக்காமலே முழு மதிப்பெண் வாங்க முடிகிறது என்றால் அந்தத் தேர்வு எதை அளக்கிறது?

இது ஏதோ கேள்வித்தாள் தயாரிக்கிறவர்களின் வக்கிரம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களை ஒரு மூலையில் தள்ளியது அரசாங்கத்தின் நல்ல எண்ணம்தான். ஆங்கில டியூஷனுக்குக் குடும்பங்கள் கொட்டும் பணத்தைக் குறைக்க வேண்டும் என்று 2017 நவம்பர் தேர்விலிருந்து ஆங்கிலத்துக்கு மட்டும் மதிப்பிடும் முறையை மாற்றினார்கள். அதுவரை முதல் 4 சதவீதம் பேருக்கு முதல் தரம், அடுத்து இத்தனை சதவீதம் பேருக்கு இரண்டாம் தரம் என்று ஆளோடு ஆளை ஒப்பிட்டுப் போட்டார்கள். புது முறையில் 90க்கு மேல் யார் எடுத்தாலும் முதல் தரம், 80க்கு மேல் இரண்டாம் தரம். பக்கத்து பெஞ்சுக்காரனோடு போட்டி இல்லை, அருமையான யோசனை. முதல் வருடம் 10.03 சதவீதம் பேர் முதல் தரம் வாங்கினார்கள். அடுத்த வருடம் 5.3 சதவீதம். கொரோனா வருடமான 2020ல் 12.66. 2023ல் 4.71. 2024ல் 6.22. 2025ல் 3.11.

கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். போட்டியைக் குறைக்கக் கொண்டுவந்த முறையில், பழைய போட்டி முறையில் கிடைத்த 4 சதவீதத்தைவிடக் குறைவான ஆட்களுக்கு முதல் தரம் கிடைத்திருக்கிறது. சுமார் 15,000 பேர்தான். இங்கே பல கல்லூரிகள் முன்கூட்டிய சேர்க்கைக்கு, இத்தனை பாடங்களின் தரத்தைக் கூட்டினால் இத்தனைக்குள் வர வேண்டும் என்று நிபந்தனை போடும். ஆங்கிலத்தில் முதல் தரம் உறுதி என்று கணக்குப் போட்டிருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த ஒரு தரத்தில் தவறிப்போனார்கள். டிசம்பரில் தேர்வு நடத்தும் நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். ஆங்கிலக் கேள்வித்தாளுக்காக! இதே நிறுவனத்தில் 2014லும் ஒரு தலைவர் பதவி விலகியிருக்கிறார். அப்போது உயிரியலில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு கேள்விகள் தவறாக வந்தன. ஆங்கிலத்தில் வந்தது அந்த 25வது வரைபடக் கேள்வி, 2 சதவீதம் 20 சதவீதமாக ஆனதை 18 சதவீத உயர்வு என்று எழுதிவிட்டார்கள். 18 சதவீதப் புள்ளி என்றல்லவா இருக்க வேண்டும். இரண்டு விடைகளையும் சரி என்று ஏற்க வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி எண்கள் குதிக்கின்றன? கணக்கு எளிது. தேர்ந்த பிள்ளைகள் லிஸனிங்கில் 37ஐயும் அள்ளிவிடுவார்கள். 90ஐத் தொட ரீடிங்கில் 63க்கு 53 போதும், அதாவது பத்து மதிப்பெண் விடலாம், நான்கைந்து கேள்வி. அந்த நான்கைந்து கேள்வி எங்கே விழும்? அந்த ஒன்பதுக்குள். மொத்தத் தேர்வின் கடினமும் அந்த ஒன்பது கேள்விக்குள் அடைபட்டிருப்பதால், அதில் இரண்டைக் கொஞ்சம் முறுக்கினால் 12 சதவீதம் 3 ஆகிவிடுகிறது. 2023ல் அரசாங்கமே தலையிட்டு 'கில்லர் கேள்விகள்', அதாவது ஆட்களைக் கழிப்பதற்கென்றே வைக்கும் மிகக் கடினமான கேள்விகள், இனி கூடாது என்றது. அந்த வருட நவம்பரில்தான் 4.71. ஆகக் கில்லரைத் தூக்கினால் அதன் பாரத்தை மற்ற கேள்விகள் பகிர்ந்துகொள்கின்றன, பாரம் எங்கும் போவதில்லை.

இன்னொரு கூத்தும் இருந்தது. டியூஷன் போகாத பிள்ளைகளுக்கும் நியாயம் வேண்டும் என்று ஈபிஎஸ் என்ற கல்வித் தொலைக்காட்சியின் பயிற்சி நூல்களோடு தேர்வை இணைத்தார்கள், ஒரு கட்டத்தில் 70 சதவீதம் வரை. விளைவு, பிள்ளைகள் அந்த நூலின் ஆங்கிலப் பத்திகளுக்கான கொரிய மொழிபெயர்ப்பை மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள். தேர்வில் முதல் வரியைப் பார்த்ததும், ஓ இது அந்தத் தேனீ பத்தி என்று கொரிய மொழியில் ஞாபகம் வந்துவிடும், ஆங்கிலத்தைப் படிக்கவே வேண்டாம். 2021லிருந்து அதே பத்தியைத் தராமல், அதே மாதிரி விஷயமுள்ள வேறு பத்தியைத் தருகிறார்கள். (நம்மூர் நோட்ஸ் கம்பெனிகள் இதைப் படித்தால் பெருமூச்சு விடும்.)

பேசுவதையும் எழுதுவதையும் சேர்க்க இவர்கள் முயலவே இல்லை என்று சொல்ல முடியாது. நான்கு திறன்களையும் சோதிக்கும் நீட் என்ற தேசிய ஆங்கிலத் தேர்வை (நம் மருத்துவ நீட் இல்லை, இது வேறு) கோடிக்கணக்கில் செலவழித்து உருவாக்கி, சுனுங் ஆங்கிலத்துக்குப் பதிலாக அதையே வைக்கலாம் என்று பேசிவிட்டுச் சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். அதற்கான டியூஷன் முளைக்கும் என்ற பயம் ஒரு காரணம். ஜப்பானிலும் தனியார் நிறுவனங்களின் நான்கு திறன் தேர்வுகளை நுழைவுக்குச் சேர்ப்பதாக இருந்தது. வசதியானவர்கள் பலமுறை எழுதிப் பார்க்கலாமே என்று கேட்டதற்கு, அவரவர் தகுதிக்கேற்ப முயன்றால் போதும் என்கிற தொனியில் கல்வி அமைச்சர் டிவியில் வாயை விட, ஒரே வாரத்தில், 2019 நவம்பர் 1ஆம் தேதி, திட்டத்தையே தள்ளிவைக்க வேண்டியதாகிவிட்டது. 2021ல் மொத்தமாகவே கைவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், பேச்சுத் தேர்வு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கையில் இருக்கும் இரண்டையே ஒழுங்குபண்ணலாம். லிஸனிங்கைக் கடினமாக்க வேண்டும். பல நாட்டுக் குரல்கள், இயல்பான வேகம், நடுவில் மாற்றிப் பேசுகிற மனிதர்கள், பத்து நிமிட விரிவுரை ஒன்று. பக்கத்தைத் திருப்பி வேறு கேள்வி போட நேரமில்லாதபடி இருக்கட்டும், அப்போதுதான் விமானத்தை நிறுத்தியதற்கு அர்த்தம். ரீடிங்கை எளிதாகவும் நீளமாகவும் ஆக்க வேண்டும். 150 சொல் துண்டுகளுக்குப் பதில் முழுக் கட்டுரை, தொடக்கமும் முடிவும் உள்ளது, படித்து முடித்தால் என்ன சொன்னார் என்று சொல்ல முடிகிறது. ஜப்பான் இந்தப் பக்கம்தான் போயிருக்கிறது, விளம்பரம், மின்னஞ்சல், வலைப்பக்கம், கட்டுரை என்று 80 நிமிடத்தில் ஏறக்குறைய 6,000 சொல் வரைக்கும் கொண்டுபோனார்கள். அங்கே இப்போது இது வேகத்தை மட்டுமே சோதிக்கிறது என்று புகார். புகார் நியாயம்தான், ஆனால் அர்த்தம் புரியாமல் விடையைப் பிடிப்பதைவிட, அர்த்தம் புரிந்தும் நேரம் போதாமல் போவது மேல் என்பேன்.

எதிர் வீட்டுப் பெண்ணின் அம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை. லிஸனிங் கடினமானால் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குத்தான் லாபம், காண்ட் எல்லோருக்கும் ஒரே மாதிரி புரியாது, அதுவாவது சமம் என்கிறார். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சியோலின் பணக்காரப் பகுதியான கங்னம் பக்கத்தில் ஆரம்பப் பள்ளிக்கு முன்பே ஆங்கில மழலையர் பள்ளிக்கு மாதம் லட்சக்கணக்கில் வோன் கட்டுகிறவர்கள் இருக்கிற ஊரில், சுலபமான லிஸனிங் ஒருவகையில் மற்றவர்களுக்கான தடுப்புச்சுவர்தான். அந்த 37 மதிப்பெண் துறைமுக நகரமான பூசானில் மீன் விற்கிறவர் மகளுக்கும் கிடைக்கும். இருந்தாலும் மீதியை முடிவுசெய்யும் ஒன்பது கேள்விக்கு ஹாக்வோன் உத்திகள் வாங்கப் பணம் வேண்டியிருக்கிறதே என்று கேட்டேன். அவர் மகளின் இந்த மாத ஹாக்வோன் கட்டணத்தைச் சொன்னார். பேச்சு அதோடு காய்கறி விலைக்குப் போய்விட்டது.